நானூறு கிராம் ஸ்வெட்டர்

அடுத்தவர் எழுதி வைத்ததில் கை வைக்கக்கூடாது என்பதில் ஜெனிதா பிடிவாதக்காரி. வருஷம் முடிந்து சுவரில் இருக்கும் பழைய நாட்காட்டியைக் கழற்றுவதற்குக்கூடக் கணவனிடம் அனுமதி கேட்பாள். அதில் அவன் ஏதாவது குறித்து வைத்திருப்பான் என்ற பயம்.

"என்ன, சொத்து உறுதிப் பத்திரமா எழுதி வச்சிருக்கேன்? கழட்டிப் போடு தாயே" என்பான் றொனால்ட். ஹட்டனுக்கும் பொகவந்தலாவைக்கும் ஓடுகிற பஸ் ஒன்றில் அவன் கொண்டக்டர்.

ஜெனிதா டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். ஹட்டனில் படித்தாள். பிறகு கொழும்பில் நாலு வருஷம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களில் பிழை பிடிக்கிற வேலை பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு மலைக்கே திரும்பி வந்துவிட்டாள். முப்பத்தாறு வயதாகிறது. ஹட்டன் கடைவீதியில் ஒரு துணிக்கடையின் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே இரண்டு அறைகளில் இயங்கும் சிறிய தொண்டு அமைப்பில் இப்போது வேலை. மழை பிடித்தால் அங்கே டெலிபோனில் கத்தித்தான் பேச வேண்டும்.

அந்த அமைப்பின் பொறுப்பில் நாற்பத்தொரு பிள்ளைக்காம்பராக்கள் இருந்தன. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளையும் நடை பழகும் குழந்தைகளையும் விட்டுப் போகிற இடம்தான் பிள்ளைக்காம்பரா. அங்கே மாதம் ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளையையும் நிறுக்க வேண்டும். தராசு கம்பி வழியாகக் கணினிக்கு எடையைச் சொல்லும். கணினியில் இருக்கும் 'துளிர்' என்ற புரோகிராம் அந்தப் பிள்ளையின் கோட்டை வரையும். வயதுக்கேற்ற எடை இருந்தால் பச்சை, குறைந்தால் செம்மஞ்சள். துளிரை எழுதியவள் ஜெனிதா.

எழுதியதைவிடப் பெரிய பாடு அதை நாற்பத்தொரு இடத்திலும் ஏற்றுவதுதான். கணினிகள் எல்லாமே யாரோ தந்தவை. ஒரு வங்கி கழித்த பழைய பெட்டிகள், வெளிநாட்டில் இருக்கும் மலையகப் பிள்ளைகள் சேர்த்து அனுப்பிய லெப்டொப்கள், கடைசியாக வந்த உள்ளங்கையளவு பலகைக் கணினிகள் என்று மூன்று ரகம். ஒவ்வொன்றின் புரொசெசரும் வேறு. பழையது 32 பிட், லெப்டொப் 64 பிட், பலகையினுடையது வேறொரு குடும்பம். தராசோடு பேசும் விதம் ஒவ்வொன்றுக்கும் வேறு என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனியான அமைப்புக் கோப்பு தேவைப்பட்டது. எந்தத் துவாரத்தில் தராசு செருகியிருக்கிறது, எத்தனை முறை எடையைக் கேட்டு உறுதி செய்வது என்பதெல்லாம் அதில் இருக்கும். அடியில், அந்தந்த இடத்துக்கு வேண்டியதை எழுதிக்கொள்ள நாலு வரி வெறுமையாக விட்டிருந்தாள்.

தொடக்கத்தில் துளிர் 32 பிட்டுக்கு மட்டுமே இருந்தது. அது லெப்டொப்பிலும் ஓடும் என்பதால் எல்லா இடத்திலும் அதையே போட்டிருந்தார்கள். பலகைகள் வந்தபோது அது சரிவரவில்லை. மூன்று மாதம் உட்கார்ந்து ஜெனிதா புதிய இன்ஸ்டோலர் ஒன்றைச் செய்தாள். பென் டிரைவைச் செருகி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். முதலில் அது 'நீ என்ன புரொசெசர்?' என்று கேட்கும். பதிலுக்கு ஏற்ற புரோகிராமையும் கோப்பையும் எடுத்து வைக்கும். அதே பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே இருந்தால் தொடாது, ஏனென்றால் அதில் யாராவது ஏதாவது எழுதியிருப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில்தான் அவளுக்குப் பெருமை அதிகம்.

அலுவலகத்தில் மூன்று ரகத்திலும் போட்டுப் பார்த்தாள். எல்லாம் வேலை செய்தன. நிர்வாகி கணேசமூர்த்தி சந்தோஷத்தில் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார். நவம்பர் முதல் வாரத்துக்குள் நாற்பத்தொரு இடத்திலும் புதிய துளிர் ஏறிவிட்டது.

நவம்பர் மாத நிறுவை முடிந்து டிசம்பர் பிறந்தது. ஒரு திங்கட்கிழமை பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து நாகலெட்சுமி அழைத்தாள். அங்கே ஒரு தோட்டத்தில் பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைக்காம்பரா பார்ப்பவள்.

"ஜெனிதா தங்கச்சி, ஒங்க மெஷினுக்குக் கண்ணு தெரியலையா?"

"என்னக்கா ஆச்சு?"

"வெள்ளிக்கிழம கிளினிக்குக்கு அனுப்புற லிஸ்ட்டுல சுமன் பேரு இல்ல. நம்ம சர்மிளா மகன். புள்ள எளைச்சிக்கிட்டே போவுது. போன மாசம் மட்டும் அரைஞாக்கயித்த ரெண்டு தரம் இறுக்கிக் கட்டியிருக்கேன்."

ஜெனிதா திரையில் தேடினாள். சுமன், ஒரு வயதும் ஒன்பது மாதமும். ஒக்டோபரில் ஒன்பது கிலோ இருநூறு. நவம்பரில் ஒன்பது நானூற்றைம்பது. கோடு பச்சையாக மேலே ஏறியிருந்தது.

"கால் கிலோ கூடியிருக்குன்னு காட்டுதேக்கா."

"காட்டும் காட்டும். தெனம் தூக்குறது நானா, மெஷினா?"

அந்தக் கிளினிக் டிக்கோயா ஆஸ்பத்திரியில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான். குழந்தைகளுக்கான டொக்டர் வருவார். நிறை குறைந்த பிள்ளைகள் பன்னிரண்டு பேரைத் துளிர் பொறுக்கித் தரும். புதன்கிழமை பகலுக்குள் பட்டியல் போய்விட வேண்டும். அதற்குள் பெயர் ஏறாவிட்டால் சுமனுக்கு இனி பெப்ரவரிதான்.

கணேசமூர்த்தி கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் கணக்கு வாத்தியாராக இருந்தவர். "ஆயா தூக்கிப் பாத்தாங்க, பாரம் கொறஞ்ச மாதிரி இருந்திச்சின்னு டொக்டருக்கு நான் எழுத ஏலுமா, ஜெனிதா? நம்பர் வேணும். அந்த நம்பரத் தர்றது நீங்க எழுதின புரோகிராம். அத நீங்களே நம்பலைன்னா நான் யார நம்புறது?"

"நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வாறேன் சேர்" என்றாள் ஜெனிதா.

செவ்வாய் காலை றொனால்டின் பஸ்ஸில்தான் போனாள். நோர்வூட் தாண்டியதும் கூட்டம் குறைந்தது. றொனால்ட் பக்கத்தில் வந்து நின்று, "ஜன்னல் சீட்டு மேடத்துக்கு ஒங்கப்பா வாங்கிக் குடுத்ததா? கொஞ்சம் தள்ளுங்க" என்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் சிரிக்காததைக் கண்டு, "மொகம் ஏன் இப்படி இருக்கு?" என்றான்.

"ஒரு புள்ளைக்கு நிறை கூடியிருக்காம்."

"அதுக்கு அழுவுறவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான்."

"கூடலைன்னா என்ன செய்ய, றொனால்ட்? நான்தானே பச்சைன்னு சொல்லிப்புட்டேன்."

பொகவந்தலாவை வரும்வரை றொனால்ட் அவளுடைய பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

பிள்ளைக்காம்பரா, காலையில் ஆட்களுக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்குக் கீழே ஒரு சரிவில் இருந்தது. பதினேழு பிள்ளைகள். பதினேழு பேரும் ஒரே மாதிரி கருநீல ஸ்வெட்டரும் காதை மூடிய தொப்பியும் போட்டிருந்தார்கள். எந்த ஊரிலிருந்தோ ஒரு மூட்டையாக வந்த ஸ்வெட்டர்கள். நாகலெட்சுமி சிவந்த மூக்கோடு இருந்த ஒரு பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவன்தான் சுமன் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மற்றவை எல்லாம் ஓடி வந்து ஜெனிதாவின் பையைப் பிடித்து இழுத்தன. இவன் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தான்.

"மொதல்ல தராசப் பாப்போம்க்கா" என்றாள் ஜெனிதா. பிரிக்காத ஒரு கிலோ சீனிப் பக்கட்டை வைத்தாள். திரையில் ஒரு கிலோ. இரண்டு பக்கட், இரண்டு கிலோ. தராசில் பிழை இல்லை.

"இப்ப அவர வைங்க."

நாகலெட்சுமி சுமனை வைத்தாள். ஒன்பது கிலோ முந்நூறு. போன மாதத்தைவிடக் குறைவு, ஆனால் கோடு இன்னும் பச்சைதான். அந்த வயதுக்குக் கோட்டின் விளிம்பு ஒன்பது இருநூறு. ஜெனிதாவுக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது. பிறகு அந்த நிம்மதிக்காகவே வெட்கமாக இருந்தது.

அவனைத் தராசிலிருந்து தூக்க அவளே குனிந்தாள். இரண்டு கைகளாலும் அவன் விலாவைப் பிடித்தாள். கைக்குள் அகப்பட்டது கம்பளிதான். பிள்ளை எங்கேயோ உள்ளே இருந்தான். விரல்கள் இன்னும் அழுந்திப் போன பிறகே எலும்பு தட்டியது.

"அக்கா, சட்டையோடயா நிறுக்குறீங்க?"

"பின்ன? இந்தக் குளிர்ல உரிச்சுப் போட்டா நிறுக்கச் சொல்றீங்க? சளி புடிச்சா ராவைக்கு யாரு தூக்கிட்டு ஓடுறது?" நாகலெட்சுமி அவளை ஆச்சரியத்தோடு பார்த்தாள். "நீங்கதானே வழி சொல்லிக் குடுத்தீங்க. மெஷினே நானூறு கிராமக் கழிச்சுக்கும்னு. ரெண்டு வருஷமாச்சு. மறந்துட்டீங்களா?"

மறந்துதான் போயிருந்தாள். இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தகரக் கூரையில் மழை கொட்டிய ஒரு பகல். டெலிபோனில் நாகலெட்சுமி, பதினேழு ஸ்வெட்டரையும் தொப்பியையும் தனித்தனியாக நிறுத்து வைத்திருப்பதாகவும், எல்லாம் ஏறக்குறைய நானூறு கிராம் வருவதாகவும், அதை ஒவ்வொரு தடவையும் மனக்கணக்கில் கழித்துக் கழித்துப் பிழை விடுவதாகவும் சொன்னது. ஜெனிதா கத்திக் கத்தி ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, கோப்பின் அடியில் இருந்த வெற்று வரியில் 'கழிவு 400' என்று எழுத வைத்தது. அன்றைக்குச் சாயங்காலமே அதை மறந்துவிட்டிருந்தாள்.

லெப்டொப்பைத் திறந்து கோப்புகள் இருக்கும் இடத்துக்குப் போனாள். அங்கே இரண்டு கோப்புகள் அருகருகே இருந்தன. ஒன்றின் பெயர் தராசு-32. அதன் கடைசி வரியில் 'கழிவு 400' அப்படியே இருந்தது. மற்றதன் பெயர் தராசு-64. போன மாதம் வந்தது. அடி வரிகள் நான்கும் வெறுமை.

வேறெதையும் தேட வேண்டியிருக்கவில்லை. முன்பு இந்த லெப்டொப்பில் ஓடியது 32 பிட் துளிர். புதிய இன்ஸ்டோலர் வந்து புரொசெசரைக் கேட்டிருக்கிறது. அது உண்மையைச் சொல்லியிருக்கிறது, நான் 64 என்று. தராசு-64 என்ற பெயரில் அங்கே கோப்பு ஒன்றும் இல்லாததால் புதிதாக ஒன்றை வைத்திருக்கிறது. பழைய கோப்பை, அவள் கட்டளைப்படியே, தொடவில்லை. நாகலெட்சுமி எழுதிய வரியில் ஓர் எழுத்துகூட அழியவில்லை. அதைப் புதிய துளிர் வாசிக்கவில்லை, அவ்வளவுதான். அலுவலகத்தில் சோதித்த மூன்று கணினியிலும், அவள் எழுதிப் பார்த்ததில், முன்பே அந்தந்த ரகத்துக் கோப்பு இருந்தது. ஒரு ரகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற கணினியை அவள் சோதிக்கவே இல்லை.

புதிய கோப்பில் அந்த வரியை எழுதினாள். நவம்பர் நிறுவையைத் திருத்தச் சொன்னாள். ஒன்பது நானூற்றைம்பது ஒன்பது ஐம்பது ஆனது. இன்றைய ஒன்பது முந்நூறு எட்டுக் கிலோ தொள்ளாயிரம் ஆனது. ஏறிக்கொண்டிருந்த கோடு மடிந்து, செம்மஞ்சளாகக் கீழே இறங்கியது. சுமன் மட்டுமல்ல, பதினேழு பேரின் கோடுகளும் கொஞ்சம் இறங்கின. ஆனால் விளிம்பைத் தாண்டி விழுந்தது அவனுடையது மட்டும்தான்.

நாகலெட்சுமி திரையை ஒரு தரம் பார்த்தாள், ஜெனிதாவை ஒரு தரம் பார்த்தாள். "ரொட்டி இருக்கு. சம்பல் கொஞ்சம் ஒறைக்கும். சாப்புடுங்க" என்றாள்.

"ஏங்க்கா ஏச மாட்டேங்கிறீங்க?"

"ஏசுனா புள்ளைக்கு நிறை கூடுமா?"

பகல் நேரத்தில் கொழுந்து நிறுத்துவிட்டுத் தாய்மார் பிள்ளைகளைப் பார்க்க வந்தார்கள். சர்மிளா கடைசியாக வந்தாள். இருபத்து நாலு வயது இருக்கும். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்திருந்தது. அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கையை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, அதன் பிறகுதான் மகனைத் தொட்டாள்.

"இவங்கதான் அந்தக் கோடு போடுற மிஸ்ஸா?" என்று முகம் மலர்ந்தாள். போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். சுமனின் பச்சைக் கோடு. "போன மாசம் இத எடுத்து அவருக்கு அனுப்பினேன் மிஸ். கொழும்புல கடையில நிக்கிறாரு. புள்ள சாப்புடுறானா, சாப்புடுறானான்னு ஒரே கேள்வி. இதப் பாத்துட்டுத்தான் நிம்மதியா இருக்காரு."

ஜெனிதா நாகலெட்சுமியைப் பார்த்தாள். அவள் பக்கத்தில் நின்றாலும் உதவிக்கு வரவில்லை. இது ஜெனிதா சொல்ல வேண்டியது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அந்தக் கோடு பிழை, சர்மிளா. ஸ்வெட்டரையும் சேத்து நிறுத்திருக்கு. மகனுக்கு நிறை கூடல. கொறஞ்சிருக்கு."

சர்மிளா படத்தைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். "எனக்குத் தெரியும் மிஸ்" என்றாள் மெதுவாக. "பால் குடிக்கையில காத நோவுது நோவுதுன்னு புடிச்சுக்கிறான். விட்டுர்றான். லேசாத்தான் இருக்கான்னு எனக்குத் தோணும். ஆனா மெஷின் கூடியிருக்குன்னு சொன்னதும், நான்தான் சும்மா பயந்து சாகுறேன்னு இருந்துட்டேன்." பிறகு கேட்டாள்: "மெஷினும் பொய் சொல்லுமா?"

"மெஷின் சொல்லல. நான் சொன்னேன். நான்தான் சரியாப் பாக்கல."

அவள் கோபப்படுவாள் என்று ஜெனிதா காத்திருந்தாள். சர்மிளா போனைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழம எத்தன மணிக்குப் போவணும்?" என்று மட்டும் கேட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போதே ஜெனிதா பட்டியல் போட்டாள். 32 பிட் துளிரிலிருந்து 64 பிட்டுக்கு மாறிய லெப்டொப்கள் பத்தொன்பது. அன்று பிற்பகல் தொடங்கிப் புதன் காலை வரை ஒவ்வொரு ஆயாவையும் அழைத்தாள். முதல் இருவரிடம், அந்தக் கோப்பில் ஏதாவது எழுதினீர்களா என்று கேட்டாள். ஒருத்தி, "ஐயோ மிஸ், நான் ஒண்ணும் தொடல, கடவுள் சத்தியமா" என்று பயந்தே போனாள். அதற்குப் பிறகு வேறு மாதிரிக் கேட்டாள்: "புள்ளைகள எப்படி நிறுக்குறீங்க, அக்கா?"

அப்படிக் கேட்டதும் கதை வந்தது. றொசல்லப் பக்கத்தில் ஒருத்தி, தராசில் நிற்க மறுக்கும் பிள்ளைகளைத் தானே தூக்கிக்கொண்டு நின்று தன் எடையைக் கழிக்கிறாளாம். "அப்ப நீங்க மெலிஞ்சா?" என்று கேட்டதற்கு, "நான் எங்க மிஸ் மெலியப் போறேன்?" என்று சிரித்தாள். இன்னொருத்தி பிள்ளைகளைச் சப்பாத்தோடு நிறுக்கிறாள், தரை அத்தனை ஜில்லென்று இருக்கிறது. மொத்தம் நாலு இடத்தில் அடி வரியில் ஏதோ ஒரு கழிவு எழுதியிருந்தார்கள். நாலிலும் எழுதச் சொன்னவள் ஜெனிதாதான். நாலையும் மறந்திருந்தாள். திருத்திப் பார்த்தபோது இன்னும் இரண்டு பிள்ளைகளின் கோடு செம்மஞ்சளுக்கு இறங்கியது.

புதன்கிழமை பதினொன்றரைக்குக் கணேசமூர்த்தியின் மேசையில் பதினைந்து பெயர் இருந்தது.

"பன்னெண்டுதான் எடுப்பாங்க."

"தெரியும் சேர். எந்த மூணு பேர வெட்டுறதுன்னு எனக்குத் தெரியல. நீங்க வெட்டுங்க."

அவர் பேனாவை எடுத்தார். பெயர்களை மேலிருந்து கீழே ஒரு முறை வாசித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு டெலிபோனை எடுத்தார். ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு நோனாவிடம் சிங்களத்தில் பேசினார். முதலில் விளக்கினார், பிறகு கெஞ்சினார், கடைசியில் அந்த அம்மாவின் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். வைத்ததும், "பதினஞ்சும் வரட்டுமாம். காலம்பற ஏழு மணிக்கே நிக்கணும்" என்றார். "அறிக்கையில என்ன போடுறது? தொழில்நுட்பக் கோளாறுன்னு போடவா?"

"இன்ஸ்டோலர்ல பிழை, எழுதினது ஜெனிதான்னு போடுங்க சேர். அடுத்த தடவ நான் ஒண்ணக் குடுக்கும்போது நாலு கேள்வி கேப்பீங்கல்ல."

வியாழக்கிழமை முழுக்க அவள் இன்ஸ்டோலரைத் திருத்தினாள். தராசுக்கும் துவாரத்துக்கும் உரியது மட்டும் அந்தந்தப் புரொசெசரின் கோப்பில் இருந்தது. ஸ்வெட்டரும் சப்பாத்தும் ஆயாவின் எடையும் எந்தப் புரொசெசரின் பெயரும் இல்லாத தனிக் கோப்பு ஒன்றுக்குப் போயின. கணினி மாறினாலும் அது மாறாது. பழைய கோப்பில் யாராவது கைப்பட ஒரு வரி எழுதியிருந்தால், அது எந்த ரகத்துக் கோப்பாக இருந்தாலும், இன்ஸ்டோலர் இனி அதை வாசித்துக் காட்டி, இது வேண்டுமா என்று கேட்கும். பதில் வரும்வரை நிற்கும்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு டிக்கோயா ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் ஜெனிதாவும் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளை யாரும் வரச் சொல்லவில்லை. சர்மிளா வந்தாள். நர்ஸ் அறைக்குள் ஹீட்டர் பக்கத்தில் சுமனின் உடுப்பையெல்லாம் கழற்றி நிறுத்தார். எட்டுக் கிலோ எண்ணூற்றெண்பது. இருபது கிராம்தான் வித்தியாசம்.

டொக்டர் இரண்டு காதுகளையும் பார்த்தார். இடது காதில் நிறைய நாளாகச் சீழ் இருந்திருக்கிறது. விழுங்கும்போது வலிக்கும், அதுதான் சாப்பிடாமல் விட்டிருக்கிறான் என்றார். மருந்து எழுதினார். இரண்டு வாரத்தில் திரும்பவும் கொண்டு வரச் சொன்னார். பெப்ரவரி வரை விட்டிருந்தால் என்ற வார்த்தையை அவர் சொல்லத் தொடங்கி, தாயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வெளியே வந்து சர்மிளா கணவனுக்கு அழைப்பெடுத்தாள். "ஏங்க" என்று மட்டும் சொன்னாள். போனை ஜெனிதாவிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க மிஸ். எனக்குச் சொல்ல வரல."

ஜெனிதா வாங்கிக்கொண்டாள். கொழும்புக் கடையின் இரைச்சல் கேட்டது.

"தம்பி, நான் ஜெனிதா. அந்தப் பச்சைக் கோடு போட்டது நான்தான். அது பிழை. பிழை என்னோடது, சர்மிளாவோடது இல்ல." காது, மருந்து, இரண்டு வாரம் எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். கோபம் வரட்டும் என்று காத்திருந்தாள்.

"மிஸ்" என்றது குரல். "புள்ள இப்ப என்ன செய்றான்?"

ஜெனிதா திரும்பிப் பார்த்தாள். தாயின் மடியில் சுமன், யாரோ கொடுத்த பிஸ்கட் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து, கடிக்காமல் ஓரமாக நக்கிக்கொண்டிருந்தான்.

"பிஸ்கட் வச்சிருக்கான்" என்றாள். "கொஞ்சம் கரைஞ்சிருக்கு."

"கடிச்சானா?"

"இன்னும் இல்ல. இருங்க, பாத்துச் சொல்றேன்" என்று அவள் போனைக் காதில் வைத்தபடியே அவன் முன்னால் குந்தினாள்.